முதலாண்டு விரிவுரையில் வாக்கு அட்டைகள்: வன்னியில் ஒரு வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வடக்கே வன்னியில் பல்கலைக்கழகம் என்றால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் பீடங்களும், 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவின் பம்பைமடு வளாகமும்தான் நினைவுக்கு வரும். பேசாத ஒரு வகுப்பைப் பேசவைக்க வாக்கு அட்டைகளைப் பயன்படுத்திய இந்த நிகழ்வு எங்கே நடந்தது, ஆட்கள் யார் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். பாடம் மண்ணும் நீரும் பற்றிய முதலாண்டு அடிப்படைப் பாடம். கற்பித்தவர் அதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவர். நான் அதே பாடத்தின் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொண்டேன். அவர் கேட்டதால் அந்த அரையாண்டு விரிவுரைகளிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

வகுப்பில் ஏறக்குறைய நூறு பேர். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் பிள்ளைகளோடு மட்டக்களப்பு, அனுராதபுரம், குருணாகல், மாத்தறை என்று எல்லா இடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போவதால், ஒரே வாங்கில் மிக வேறுபட்ட பாடசாலைகளின் பிள்ளைகள் இருப்பார்கள். பாதிக்குக் கொஞ்சம் கூடியவர்கள் தமிழ் பேசுபவர்கள், மற்றவர்கள் சிங்களம் பேசுபவர்கள். விரிவுரை ஆங்கிலத்தில். இரு தரப்புக்கும் அது சொந்த மொழி இல்லை.

முதல் வாரங்களில் கண்டது

விரிவுரையாளர் ஒவ்வொரு பகுதியையும் முடித்துவிட்டு விளங்கிச்சா என்று கேட்பார். முன் இரண்டு வரிசையிலிருந்து "ஓம் மிஸ்" என்று வரும். கேள்வி இருக்கா என்றால் எல்லோரும் கொப்பியைப் பார்ப்பார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி எழுப்பினால் எழுந்து நிற்பார், சிரிப்பார், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார், கடைசியில் தெரியாது என்பார்.

அதே ஆள் பின்னேரம் செய்முறை வகுப்பில், மண் மாதிரியை உலர் அடுப்பில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்பார்: "105 பாகையில காய வைச்சா மண்ணில இருக்கிற சேதனப் பொருள் எரிஞ்சு போகாதா சேர்?" நல்ல கேள்வி. அந்த வெப்பநிலையை ஏன் தேர்ந்தார்கள் என்பதையே அது தொடுகிறது. காலையில் வாய் திறக்காதவர் அவர். தெரியாததால்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் போனது.

ஏன் பேசுவதில்லை என்று செய்முறை மேசைகளில் கதையோடு கதையாகக் கேட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பிழை வந்துவிடும் என்றார்கள் பலர். பதில் சொன்னால் மச்சான் படம் காட்டுறான் என்பார்கள், அது விடுதிக்கும் வரும் என்றார்கள் சில பையன்கள். ரியூசன் வகுப்பில் ஆசிரியரே கேள்வி கேட்டு ஆசிரியரே பதில் சொல்லுவார், நாங்கள் எழுதுவோம், அப்படித்தான் பழகினோம் என்றார் ஒரு மாணவி. இந்தப் பட்ச் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தையும் தாண்டி வந்தது. பலர் மாதக்கணக்கில் சூம் திரையிலும் வட்ஸ்அப் குறிப்புகளிலும் படித்தவர்கள். அதையும் ஒரு காரணமாக எடுக்கலாம். ஆனால் அதற்கு முந்திய பட்ச்களும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இந்த இடத்தில் குப்பியைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரம், விளங்கின ஒருவர் விளங்காதவர்களை விடுதியிலோ வெறும் மண்டபத்திலோ இருத்தி, தங்கள் மொழியில் பாடத்தை முழுதாகச் சொல்லிக்கொடுப்பார். அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. நடுவில் நிறுத்தி அது எப்படி என்று சண்டை பிடிப்பார்கள். இந்தப் பட்சின் குப்பி ஒன்றை நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். எங்கள் விரிவுரைகளில் நடக்காத எல்லாம் அங்கே நடந்தது.

என்ன செய்வது என்று எடுத்த முடிவு

விரிவுரையாளர் தேர்ந்தது சகபாடிக் கற்பித்தல் முறை. ஹாவர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 அளவில் தொடங்கியது. சிறிது நேரம் விளக்கம், பிறகு மனப்பாடத்தால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக வாக்களிப்பார்கள். சரியான விடை ஏறக்குறைய 30 முதல் 70 வீதத்துக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், அப்புறம் இரண்டாம் வாக்கு. 30க்குக் கீழே என்றால் திரும்ப விளக்குவது, 70க்கு மேலே என்றால் கடந்து போவது. வாக்கெடுக்க அமெரிக்க வகுப்புகளில் கிளிக்கர் என்ற சிறு கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். இப்போது போன் அந்த வேலையைச் செய்கிறது.

குப்பியில் நடப்பதைப் பகலுக்குக் கொண்டுவரலாம் என்பதே அவருடைய கணக்கு. தனி வாக்கு இரகசியமாக இருந்தால் படம் காட்டும் பழியும் இல்லை, ஆங்கிலப் பிழையும் இல்லை.

துறைக் கூட்டத்தில் மூத்த ஒருவர் எதிர்த்தார். பாடத்திட்டம் முடியாது என்றார், அதில் நியாயம் இருந்தது. 2014இல் வெளியான, 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வை விரிவுரையாளர் எடுத்து வைத்தார். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் வெறும் விரிவுரை கேட்டவர்களில் 33.8 வீதமும், வகுப்பில் ஏதாவது செய்தவர்களில் 21.8 வீதமும் தோற்றதாக அது சொல்கிறது. கடைசியில், இரண்டு தலைப்புகளை வாசிப்புக்கும் செய்முறைக்கும் மாற்றிவிட்டுச் செய்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

போனில் தொடங்கியது

முதலில் மென்டிமீட்டர் என்ற இணைய வாக்கெடுப்புச் சேவை. திரையில் ஒரு எண் வரும், போனில் அதை அடித்து வாக்களிக்கலாம். முதல் நாளே சிக்கல். மண்டபத்துக்குள் சிக்னல் யன்னல் ஓரம் மட்டும்தான். பீடத்து வைஃபை முப்பது நாற்பது பேர் ஒன்றாக ஏறியவுடன் சுற்றத் தொடங்கியது. டேட்டா முடிந்தவர்கள் பக்கத்திலிருப்பவரின் ஹொட்ஸ்பொட்டைத் தேடினார்கள். மாதக் கடைசி என்றால் அந்தக் கூட்டம் கூடும். இலவசக் கணக்கில் மாதத்துக்கு 50 பேர்தான் சேரலாம் என்பதும் வந்து நின்றது. கட்டணம் டொலரில்.

வாக்களித்தவர்கள் யார் என்று பார்த்தால், யன்னல் ஓரத்தவர்களும் நல்ல போன் உள்ளவர்களும். பேசாதவர்களுக்காகத் தொடங்கிய வேலையில் அவர்களே வெளியே நின்றார்கள். பெயர் தெரியாமல் சொற்களை எழுதவிடும் வசதியையும் ஒருநாள் திறந்தார். நீர் பற்றி வர வேண்டிய திரையில் ஒரு சீனியரின் பட்டப்பெயர் பெரிய எழுத்தில் வந்தது. வகுப்பு நன்றாகச் சிரித்தது. அந்த வசதி அத்தோடு மூடப்பட்டது.

அட்டைக்கு மாறியது

அடுத்து வந்தது பிளிக்கர்ஸ். இதில் மாணவர் கையில் இலத்திரனியல் எதுவும் இல்லை. சதுரமான ஒரு அட்டை, நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு உருவம். ஒவ்வொரு அட்டையின் உருவமும் வேறு. நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று சின்னதாக இருக்கும். தனக்குப் பிடித்த விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். விரிவுரையாளர் தன் போன் கமராவை வகுப்பை நோக்கிப் பிடித்தால் எந்த அட்டை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அது படித்துவிடும். இணையம் ஒரே ஒரு போனுக்குப் போதும். எழுத்து சின்னதாக இருப்பதாலும், உருவம் ஆளுக்கு ஆள் மாறுவதாலும், பின்னால் இருப்பவரால் முன்னால் இருப்பவரின் விடையை இலகுவில் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு தொகுதியில் 63 அட்டைதான். வகுப்பு நூறு. இருவருக்கு ஓர் அட்டை என்று முடிவானது. முதலில் இது குறையாகத் தெரிந்தது. நடைமுறையில், அட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்கவே இருவரும் கதைக்க வேண்டியிருந்தது. தனி வாக்கை இதனால் இழந்தோம், உண்மை. அதற்குப் பதிலாக, முதல் வாக்குக்கு முன் ஒவ்வொருவரும் தன் விடையைக் கொப்பி ஓரத்தில் எழுத வேண்டும் என்று அவர் ஒரு விதி வைத்தார். பெரும்பாலும் எழுதினார்கள்.

அட்டைகளைத் தட்டச்சுத் தாளில் அச்சடித்து, ரவுணில் லெமினேட் செய்வித்தோம். பளபளப்பான மேற்பரப்பில் யன்னல் வெளிச்சம் பட்டு, வலப்பக்க வரிசைகளைக் கமரா படிக்கவே இல்லை. திரும்பத் தடித்த பிறிஸ்டல் போட்டில் அச்சடித்து, லெமினேட் இல்லாமல் விட்டோம், சரிவந்தது. கடைசி வரிசைக்குக் கமரா எட்டாததால் அவர் நடைவழியில் பாதித் தூரம் ஏறிவர வேண்டியிருந்தது. இதுவும் நல்லதாகவே போனது. அவர் அந்த வரிசைகளுக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

பார்வை குறைந்த ஒரு மாணவிக்கு அந்தச் சின்ன எழுத்துத் தெரியவில்லை. ஏ பக்கத்து வெள்ளை விளிம்பில் பஞ்சிங் மெசினால் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். தடவிப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்.

வாடல் நிலைக் கேள்வி

அரையாண்டின் நடுப்பகுதியில் கேட்ட ஒரு கேள்வியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மணல் மண்ணிலும் முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணிலும் மிளகாய்க் கன்று நட்டிருக்கிறது. இரண்டு மண்ணிலும் கனவளவில் 15 வீதம் நீர். எதில் நட்ட கன்று முதலில் வாடும்? மணல், களி, இரண்டும் ஒன்றாக, சொல்ல முடியாது என்று நான்கு தெரிவுகள்.

பெரும்பாலான அட்டைகள் மணல் என்றன. மணல் நீரைப் பிடிக்காது என்று எட்டாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? களி என்றது நான்கில் ஒரு பங்கு போல. மசூரின் கணக்குப்படி இது 30க்குக் கீழே, திரும்ப விளக்க வேண்டும். விரிவுரையாளர் அப்படிச் செய்யவில்லை. வகுப்பில் வயல் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் என்பது அவருக்குத் தெரியும். முதல் வாக்கின் வரைபைத் திரையில் காட்டாமலே கதைக்கச் சொன்னார். காட்டினால் எல்லோரும் பெரிய தூணின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்பது பல வகுப்புகளில் கண்டறிந்த விடயம்.

எனக்கு முன் வாங்கில் துணுக்காய்ப் பக்கத்து மாணவர் ஒருவர், அதுவரை முழு அரையாண்டிலும் நான் குரல் கேட்காதவர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எங்கட வயல் களி மச்சான். கையில எடுத்தா ஈரமாத்தான் இருக்கும். ஆனா பயிர் வாடி நிக்கும். அந்தத் தண்ணிய களி விடாது." விரிவுரையாளர் அதைக் கேட்டுவிட்டு அவரிடம் மெதுவாக அனுமதி கேட்டார். பெயர் சொல்லாமல், ஒரு வயற்காரர் சொன்னது என்று முழு வகுப்புக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்.

விளக்கம் இதுதான். ஏறக்குறைய 1500 கிலோபஸ்காலுக்கு மேலான உறிஞ்சலால் மண் பிடித்து வைத்திருக்கும் நீரை வேரால் இழுக்க முடியாது. அந்த எல்லைதான் வாடல் நிலை. மணலில் அந்த எல்லை கனவளவில் 5 வீதம் அளவில் வரும், கனத்த களியில் 20 வீதத்தைத் தாண்டும். ஆகவே 15 வீதத்தில் மணலில் உள்ள கன்று வசதியாக நிற்கும், களியில் உள்ளது வாடியிருக்கும்.

இரண்டாம் வாக்கில் பெரும்பான்மை களிக்கு மாறியது. இங்கே நிறுத்தியிருந்தால் வெற்றி என்று எழுதியிருப்பேன். உடனே இன்னொரு கேள்வி போட்டார்: இரண்டு மண்ணையும் நன்றாக நனைத்து வடியவிட்டால், எதற்கு அடிக்கடி நீர்ப்பாய்ச்ச வேண்டும்? சரியான விடை மணல், ஏனென்றால் வயற் கொள்ளளவுக்கும் (வடிந்த பிறகு மண்ணில் நிற்கும் நீரளவு) வாடல் நிலைக்கும் இடையில் அதில் இருக்கும் நீர் குறைவு. ஆனால் கணிசமான அட்டைகள் களி என்றன. களி நீரை விடாது என்பதைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார்கள். 2009இல் அமெரிக்க மரபியல் வகுப்பொன்றில் நடந்த ஆய்வும் இப்படித்தான், விவாதத்துக்குப் பிறகு அதே கருத்தைத் தொடும் வேறு கேள்வியைத் தனியாகக் கேட்டது. உண்மையில் விளங்கியதா, பக்கத்தவரைப் பார்த்து மாற்றினார்களா என்று பிரித்தறிய அதுவே வழி. அந்த அமெரிக்க மாணவர்களுக்கு விளங்கியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பாதி. இன்னொரு சுற்று வரைபடம் கீறிக் கதைத்த பிறகுதான் சரியானது. ஒரு மணித்தியால விரிவுரையில் முக்கால்வாசி அந்த இரண்டு கேள்விக்கே போனது.

மொழியும் இருக்கையும்

விவாதம் தமிழிலும் சிங்களத்திலும் நடந்தது. அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டாம் என்று விரிவுரையாளர் முதலிலேயே முடிவெடுத்தார். கேள்வி திரையில் ஆங்கிலத்தில் வரும், கீழே முக்கியமான இரண்டு மூன்று சொற்கள் மட்டும் தமிழிலும் சிங்களத்திலும். சிங்களச் சொற்களை ஒரு சக விரிவுரையாளர் பார்த்துக் கொடுத்தார். பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால், இரண்டாம் வாக்குக்குப் பிறகு விடையின் காரணத்தை ஒரே ஒரு ஆங்கில வசனமாகக் கொப்பியில் எழுத வேண்டும். அந்த வசனங்கள் சிலவற்றை நான் வாங்கிப் பார்த்தேன். இலக்கணம் தடுமாறினாலும் காரணம் பெரும்பாலும் சரியாக இருந்தது.

தமிழ் பேசுபவர்களும் சிங்களம் பேசுபவர்களும் தனித்தனிப் பகுதியாக உட்காருவது வழக்கம். அட்டையைச் சாட்டாக வைத்துக் கலந்து இருத்தலாமா என்று ஒரு வாரம் முயன்றோம். அந்த வாரம் மண்டபம் பழையபடி அமைதியானது. இருவரும் மரியாதையாகச் சிரித்துவிட்டு, அட்டையை ஏதோ ஒரு பக்கம் திருப்பினார்கள். அடுத்த வாரம் விருப்பப்படி இருக்க விட்டார். கலப்பது வேறு வேலை, அதற்குச் செய்முறைக் குழுக்கள் பொருத்தமான இடம் என்பது என் கருத்து.

புள்ளி கொடுத்த வாரங்கள்

வருகை 80 வீதம் இருந்தால்தான் பரீட்சைக்கு அனுமதி. ஆகவே வகுப்புக்கு வருவார்கள், ஆனால் எட்டு மணி விரிவுரைக்கு அரைமணி பிந்தித்தான் வருவார்கள். இதைத் திருத்தவென்று, அட்டையில் சரியான விடைக்குத் தொடர் மதிப்பீட்டில் சிறு புள்ளி என்று அறிவிக்கப்பட்டது. நேரத்துக்கு வந்தார்கள். ஆனால் கதை குறைந்தது. கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஓரிருவரின் அட்டை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முன்வரிசையை எட்டிப் பார்த்தார்கள். இருவரில் ஒருவரே முடிவெடுத்தார், மற்றவர் அட்டையைப் பிடித்தார். வராத நண்பரின் அட்டையும் மேலே எழுந்தது. கிளிக்கர் விடைக்கு அதிகப் புள்ளி வைத்தால் உரையாடலை ஒருவரே கைப்பற்றுவார் என்று 2006இலேயே ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. மூன்றாம் வாரம் புள்ளி கொடுப்பது நிறுத்தப்பட்டது. பிந்தி வருவது திரும்பியது, கதையும் திரும்பியது.

விளைவு

கை உயர்த்திக் கேள்வி கேட்பது அரையாண்டு முடிவிலும் அதிகம் மாறவில்லை. முன்வரிசைக்கு வெளியிலிருந்து சில கைகள், அவ்வளவுதான். வாக்களிப்பு ஏறக்குறைய எல்லா அட்டைகளிலும் நடந்தது. விவாத நேரத்தில் மண்டபம் இரைந்தது. பக்கத்து மண்டபத்திலிருந்து ஒருமுறை முறைப்பாடும் வந்தது. மாரி மழை தகரக் கூரையில் கொட்டிய நாட்களில் வாக்கு மட்டும் நடந்தது, கதை நடக்கவில்லை. விரிவுரை முடிந்த பிறகு மேசைக்கு வந்து கேட்பவர்கள் கூடினார்கள். "நாங்க பி எண்டம் மிஸ், ஏன் பிழை?" என்று இருவராக வருவார்கள். தனியாக வருவது குறைவு.

பரீட்சையில் மண்ணீர் பற்றிய வினாவுக்கு முந்திய பட்சைவிடக் காரணத்தோடு எழுதியவர்கள் அதிகம் என்று திருத்தியவர் சொன்னார். ஒப்பிட வேறு வகுப்பு இல்லை, வினாவும் அதேயல்ல. அட்டையால்தான் என்று சொல்ல என்னால் முடியாது. வாசிப்புக்குத் தள்ளிய இரண்டு தலைப்புகளில் ஒன்று, உவர் மண் பற்றியது, பரீட்சையில் மோசமாகப் போனது. கூட்டத்தில் எதிர்த்தவர் அதை மறக்காமல் குறிப்பிட்டார்.

அடுத்த முறை மாற்றுபவை

ஒரு விரிவுரைக்கு இரண்டு கேள்விக்கு மேல் இல்லை. இரண்டில் ஒன்று, முதலாவதைச் சோதிக்கும் துணைக் கேள்வி. நல்ல கேள்வி எழுதுவதுதான் நேரம் தின்னும் வேலை. அட்டை அச்சடிப்பது ஒரு பின்னேரம். செய்முறை வகுப்பில் பிள்ளைகள் கேட்பதை நான் எழுதிக் கொடுக்கிறேன், அவற்றிலிருந்து கேள்வி வரும். புள்ளி எந்த வடிவத்திலும் இல்லை. அட்டை முதல் வாரத்திலேயே கைக்கு வரும், நடுவில் புகுத்தினால் பரீட்சை என்று பயப்படுகிறார்கள். உவர் மண் திரும்ப விரிவுரைக்கு வருகிறது, ஆனையிறவுப் பக்கத்து உப்பு நிலத்தை வைத்து ஒரு கேள்வியோடு. அதற்காக எதை வெளியே எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

அட்டைக் கட்டு இப்போது முதலாண்டு இரசாயனவியல் எடுப்பவரிடம் இருக்கிறது. அவருடைய வகுப்பு இன்னும் பெரியது, இருவருக்கு ஒன்று போதாது. மூவருக்கு ஓர் அட்டை என்று தொடங்கியிருக்கிறார். மூன்றாமவரும் கதைக்கிறாரா, அல்லது சும்மா இருந்துவிட்டுப் போகிறாரா என்று பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்.